ஏலக்காய்க் கடைத் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றுவது: ஆர்டரும் மெயிலும் தொலையாமல்

கேள்வியின் சுருக்கம் இது. கம்பத்தில் ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் கடை. வேர்ட்பிரஸில், அதன் விற்பனைப் பிளகினான வூகாமர்ஸோடு ஓடும் தளம், தமிழிலும் மலையாளத்திலும் பக்கங்கள். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் குமுளிக்கு அந்தப் பக்கம், இடுக்கி, கோட்டயம். தளம் இருப்பது அமெரிக்காவில் ஒரு ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது பல தளங்கள் பங்குபோடும் சர்வரில். சாயங்காலமானால் இழுக்கிறது, சில நாள் விழுந்தே விடுகிறது. கடையின் மெயிலும் அதே கணக்கில்தான். ஓணத்துக்கு முன்னால் நல்ல சர்வருக்கு மாற்ற வேண்டும். ஒரு ஆர்டர்கூடப் போகக் கூடாது, கூகுளில் இடமும் இறங்கக் கூடாது.

முடியும். ஃபைல்களையும் டேட்டாபேஸையும் நகலெடுப்பதைத்தான் எல்லோரும் பெரிய வேலையாக நினைக்கிறார்கள். அது ஒரு மதிய நேரத்து வேலை. சிக்கல் எங்கே என்றால், தளம் பழைய சர்வரிலும் புதிய சர்வரிலும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில். ஒருவர் ஆர்டர் பழையதில் விழும், இன்னொருவருடையது புதியதில் விழும், மெயில் மூன்றாவது இடத்துக்குப் போகும். கீழே சொல்வதெல்லாம் அந்த நேரத்தைச் சுருக்குவதற்கும், அதற்குள் புதுத் தகவல் பதிவது ஒரே பக்கம்தான் நடக்க வேண்டும் என்பதற்கும்.

முதலில் உண்மையிலேயே சர்வர்தான் கோளாறா என்று பாருங்கள். ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சி-பேனலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பக்கத்தைத் திறந்தால், எந்த நேரத்தில் சிபியு, மெமரி, என்ட்ரி பிராசஸ் (ஒரே நேரத்தில் தளம் கையாளும் கோரிக்கைகள்) வரம்பில் முட்டியது என்று வரைபடமாகவே இருக்கும். விழுந்த நேரத்தில் 508 என்ற எண்ணோடு பிழை வந்திருந்தால் அது வரம்பு முட்டியதுதான். பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸ், நெட்வொர்க் பகுதியில் முதல் வரியைச் சொடுக்கி, சர்வர் பதிலுக்குக் காத்திருந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பைட் 0.8 வினாடிக்குள் வந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. ஏலக்காய் 8 எம்எம் படம் ஒன்று 4 எம்பி இருந்து அதனால் பக்கம் இழுத்தால், எந்த சர்வரும் அதைக் குணப்படுத்தாது.

தூரமும் ஒரு காரணம், அதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒளியிழையில் வெளிச்சம் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 13,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்வர 130 மில்லிசெகண்ட் அடிப்படைச் செலவு. கேபிள் சுற்றி வளைத்துப் போவதால் நடைமுறையில் 200-ஐத் தாண்டும். புதிதாக வரும் ஒருவரின் போன், இணைப்புக்கு ஒரு முறை, பாதுகாப்புப் பூட்டுக்கு (எஸ்எஸ்எல்) ஒரு முறை, பக்கத்தைக் கேட்க ஒரு முறை என்று குறைந்தது மூன்று தடவை போய்வரும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி ஒரு வரி ஓடுவதற்கு முன்னாலேயே அரை வினாடிக்கு மேல் போய்விட்டது. சென்னை, மும்பை, பெங்களூரு என்று எங்கே இருந்தாலும் இது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். வாங்குபவர்கள் தேனியிலும் கோட்டயத்திலும் இருக்கும்போது சர்வர் இந்தியாவுக்குள் இருக்கட்டும்.

எந்த மாதிரி ஹோஸ்டிங்? வெறும் விபிஎஸ், அதாவது நீங்களே பராமரிக்க வேண்டிய தனி மெய்நிகர் சர்வர், மலிவாகத் தெரியும். ஆனால் லினக்ஸ் அப்டேட், ஃபயர்வால், பேக்கப் மூன்றையும் பார்க்க ஆள் இல்லையென்றால் அதை எடுக்காதீர்கள், ஹோஸ்டே பராமரிக்கும் மேனேஜ்டு போதும். 2 கோர், 4 ஜிபி ரேம், வேகமான என்விஎம்இ டிஸ்க், தினசரி பேக்கப், எஸ்எஸ்ஹெச் (சர்வருக்கு நேரடியாகக் கட்டளை தரும் வழி) அனுமதி, இவை இருக்கிறதா என்று கேளுங்கள். '99.9 சதவீதம் ஓடும்' என்று போட்டிருந்தால் மாதத்துக்கு 43 நிமிடம் விழலாம் என்று அர்த்தம், 99.5 என்றால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். அந்த அரை சதவீதத்தை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

தேதி. ஓணத்துக்கு முந்தைய மூன்று வாரம் எதையும் தொடாதீர்கள். குறைந்தது ஆறு வாரம் முன்னால் முடித்து, புதிய சர்வர் இரண்டு மூன்று வார இறுதிகளைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு, அதாவது பெயரைப் பதிந்து தரும் கம்பெனிக்கு, மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் இதோடு சேர்க்காதீர்கள். மாற்றிய டாட் காம் டொமைன் பொதுவாக 60 நாள் மறுபடி மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். நடுவில் ஏதாவது தவறினால் கையைக் கட்டியது மாதிரி ஆகிவிடும். தளத்தின் தோற்றத்தை (தீம்) மாற்றுவது, பிஎச்பியில் பெரிய தாவல் எடுப்பது, இதெல்லாமும் இன்னொரு மாதம். பழையதில் பிஎச்பி 7.4 ஓடுகிறதென்றால் புதியதிலும் முதலில் 7.4 போட்டு, தளம் நிலைத்த பிறகு 8-க்கு ஏற்றுங்கள். 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2022 நவம்பரோடு நின்றுவிட்டது என்பதால் ரொம்ப நாள் தள்ளவும் கூடாது.

அடுத்து டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயரைச் சர்வரின் ஐபி எண்ணோடு இணைக்கும் பதிவேடு. டொமைனின் நேம்சர்வர் (அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்) பழைய ஹோஸ்டுடையதாக இருந்தால், தளத்தைத் தொடுவதற்கு ஒரு வாரம் முன்பே டிஎன்எஸ் மண்டலத்தை, அதாவது அந்தப் பதிவுகளின் தொகுப்பை மட்டும் ரெஜிஸ்ட்ராரிடமோ கிளவுட்ஃபிளேரிடமோ எடுத்துச் செல்லுங்கள். பதிவுகள் எல்லாம் பழைய எண்களோடு அப்படியே இருக்க வேண்டும். இதற்கு ஏன் ஒரு வாரம்? டாட் காம் டொமைன்களின் நேம்சர்வர் தகவல் 1,72,800 வினாடி, அதாவது இரண்டு நாள் மற்ற நெட்வொர்க்குகளின் கேஷில் (தற்காலிக நினைவில்) இருக்கும். அதை நீங்கள் குறைக்கவே முடியாது. மாறாக, மண்டலத்துக்குள் இருக்கும் ஏ பதிவின் (தளத்தின் ஐபி முகவரி) டிடிஎல், அதாவது அது கேஷில் இருக்கும் நேரம், உங்கள் கையில். சி-பேனலில் வழக்கமாக அது 14,400, நான்கு மணி நேரம். மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் 300 ஆக்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் குறைத்துப் பயனில்லை. பழைய 14,400-ஐ வாங்கி வைத்தவர்கள் அது தீரும்வரை பழைய சர்வருக்குத்தான் போவார்கள்.

இங்கே ஒன்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்: ஏஏஏஏ பதிவு, அதாவது ஐபிவி6 முகவரி. ஏ-வை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால், கடையின் பிராட்பேண்டில் புதிய தளம் தெரியும். ஜியோ போனில் பழைய தளமே தெரியும், ஏனென்றால் ஜியோ ஐபிவி6 வழியாகத்தான் முதலில் போகும். 'எனக்குச் சரியாக வருகிறது, கஸ்டமருக்கு வரவில்லை' என்று இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேஸ்களில் பாதி இதுதான். புதிய சர்வரில் ஐபிவி6 இருந்தால் அந்த எண்ணைப் போடுங்கள், இல்லையென்றால் பதிவையே நீக்கிவிடுங்கள்.

மெயில் இன்னும் நுணுக்கம். சி-பேனலில் எம்எக்ஸ் பதிவு (மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வது) பெரும்பாலும் டொமைன் பெயரையே காட்டும். அப்படியிருக்க, தளத்துக்காக ஏ பதிவை மாற்றிய அந்த நொடியில் மெயிலும் கூடவே புதிய சர்வருக்குக் கிளம்பிவிடும். அங்கே பெட்டியே இருக்காது. முன்கூட்டியே 'மெயில்' என்ற துணைப்பெயருக்குப் பழைய ஐபியோடு தனி ஏ பதிவு போட்டு, எம்எக்ஸை அதற்குத் திருப்புங்கள். தளம் போகும், மெயில் பழைய இடத்திலேயே இருக்கும். பிறகு ஆற அமர மெயிலை ஜோஹோவுக்கோ கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கோ மாற்றிக்கொள்ளலாம். அதுதான் நல்லதும்கூட, தளமும் மெயிலும் ஒரே கூரையில் இருக்க வேண்டியதில்லை. கடை கம்ப்யூட்டரில் அவுட்லுக் பாப்3-யில் ஓடுகிறதா ஐமேப்பில் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாப்3 என்றால் பழைய மெயில் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கலாம், சர்வரில் இருக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. புதிய சர்வரும் சி-பேனல் என்றால், அது 'இந்த டொமைனின் மெயில் என்னுடையது' என்று தானாகவே எடுத்துக்கொள்ளும். தளம் அனுப்பும் புது ஆர்டர் அறிவிப்பு வெளியே போகாமல், அதே சர்வருக்குள் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் விழுந்துகொண்டே இருக்கும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. 'இமெயில் ரூட்டிங்' பக்கத்தில் 'ரிமோட்' என்று தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற சர்வர்களின் பட்டியல்) புதிய ஐபியைச் சேர்ப்பதையும், மெயிலில் கையொப்பமிடும் டிகேஐஎம் சாவி புதியது என்றால் அதைப் போடுவதையும் மறக்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாத மெயிலை ஏற்கத் தயங்குகிறது. பல கிளவுட் சர்வர்களில் மெயில் வெளியே போகும் 25-ஆம் போர்ட் அடைக்கப்பட்டிருக்கும் என்பதால், ஆர்டர் மெயிலை 587 வழியாக எஸ்எம்டிபி பிளகின் மூலம் அனுப்புவது பத்திரம்.

இனி நகல். ஃபைல்களை எஃப்டிபியில் ஒவ்வொன்றாக இறக்காதீர்கள். வேர்ட்பிரஸ் ஒரு படத்துக்கு ஏழெட்டு அளவு வெட்டி வைக்கும். 60,000 சின்ன ஃபைல், ஒன்றுக்கு ஒரு வினாடி என்றாலும் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எஸ்எஸ்ஹெச் இருந்தால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் சர்வரிலிருந்து சர்வருக்கு நேரடியாக அனுப்புங்கள். இல்லையென்றால் அங்கேயே டார் கட்டி ஒரே ஃபைலாக நகர்த்துங்கள். பெயர் புள்ளியில் தொடங்கும் ஃபைல்கள், முக்கியமாகச் சர்வருக்கு விதி சொல்லும் ஹெச்டிஆக்சஸ், பல எஃப்டிபி மென்பொருள்களில் மறைந்திருக்கும். அது வராவிட்டால் முகப்பு மட்டும் திறக்கும், பொருள் பக்கமெல்லாம் 404 காட்டும்.

தமிழ், மலையாளப் பெயர் வைத்த படங்கள் இருந்தால் இன்னொரு கண்ணி. 'ொ' என்ற உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம். மலையாளத்திலும் இப்படித்தான். கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு வேறு வேறு. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து வைக்கும். அதன் வழியாக இறக்கி ஏற்றினால், 'கொத்தமல்லி' என்ற படம் ஃபோல்டரில் இருக்கும், பக்கத்தில் தெரியாது. பெயர் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரிவதால் காரணம் பிடிபடவே பிடிபடாது. சர்வரிலிருந்து சர்வருக்கு நேராக அனுப்பினால் இந்தத் தொல்லை வராது.

டேட்டாபேஸ்தான் தமிழ்த் தளங்களின் தனித் தலைவலி. டேட்டாபேஸை நகலெடுக்கும் 'மைஎஸ்கியூஎல்டம்ப்' கட்டளையை ஓட்டும்போது 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' விருப்பத்தோடு, எழுத்துக் குறியீட்டு வகை யுடிஎஃப்8எம்பி4 என்றும் கொடுங்கள். முந்தையது, எடுக்கும்போது ஆர்டர் வந்தாலும் நகல் குழம்பாமல் இருக்க. ஏற்றிய பிறகு தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் வரிசையாக வந்தால், தமிழ் எழுத்துகளை லத்தீன்1 என்று தப்பாகப் படித்திருக்கிறது. பயப்பட வேண்டாம், தகவல் உள்ளே இருக்கிறது, சரியான வகையோடு மறுபடி எடுத்து ஏற்றினால் வந்துவிடும். ஆனால் எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி வந்திருந்தால், அந்த நகலில் தமிழ் அழிந்தே போய்விட்டது; பழைய சர்வரிலிருந்து புதிதாக எடுத்தே ஆக வேண்டும். பழைய சர்வரை உடனே மூடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். தமிழ்ப் பக்கம் நன்றாக வந்தது என்று மலையாளப் பக்கத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். அதை வேறொரு பிளகின் தன் சொந்த டேபிளில் வைத்திருக்கலாம், அந்த டேபிள் மட்டும் பழைய வகையில் இருக்கலாம்.

ஏற்றும்போதே 1273 என்ற எண்ணோடு 'அன்நோன் கொலேஷன்' (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி தெரியவில்லை) என்று நின்றால், மைஎஸ்கியூஎல் 8-இல் எடுத்ததைப் அதன் உறவான மரியாடிபியின் பழைய பதிப்பில் ஏற்றுகிறீர்கள். டம்ப் ஃபைலில் 0900 வரும் கொலேஷன் பெயரை 'யுடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ' என்று மாற்றினால் ஏறிவிடும். டொமைன் மாறாதவரை முகவரிகளைத் தேடி மாற்றும் வேலையே இல்லை. ஃபோல்டர் பாதை மாறியிருந்தால் மட்டும் வேர்ட்பிரஸின் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் 'சர்ச் ரீப்ளேஸ்' மூலம் மாற்றுங்கள். நோட்பேடில் மாற்றினால், நீளத்தையும் சேர்த்து எழுதி வைத்திருக்கும் அமைப்புகள் உடைந்து, விட்ஜெட்டும் தீம் அமைப்பும் காணாமல் போகும்.

நகல் எழுந்ததும் சோதனை. டிஎன்எஸ்ஸைத் தொடாமல், உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் புதிய ஐபியும் டொமைன் பெயரும் ஒரு வரி சேர்த்தால், உலகத்துக்குப் பழைய தளம், உங்களுக்கு மட்டும் புதியது. விண்டோஸில் அது சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். சோதனை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஆனால் அதற்கு முன், நகல் தளத்தின் வாயைக் கட்டுங்கள். அது தன்னை உண்மையான கடை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. நேரம் பார்த்துத் தானாக வேலை செய்யும் டபிள்யூபி-கிரான் ஓடினால் 'உங்கள் கார்ட்டில் பொருள் காத்திருக்கிறது' என்று கோட்டயத்துக்காரருக்கு இரண்டாவது மெயில் போகும். அமைப்பு ஃபைலான டபிள்யூபி-கான்ஃபிக்கில் கிரானை நிறுத்தி, மெயில் அனுப்புவதைத் தடுக்கும் பிளகின் ஒன்றைப் போட்டு, பணம் வாங்கும் ரேஸர்பே சேவையின் சாவியை டெஸ்ட் மோடுக்கு மாற்றிவிட்டு ஒரு முழு ஆர்டர் போட்டுப் பாருங்கள். ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ் சேவை, கூரியர் சேவை, இவற்றில் சர்வர் ஐபியைப் பதிந்து வைத்திருந்தால் புதிய ஐபியையும் இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சேர்க்க ஒன்றிரண்டு வேலை நாள் எடுக்கலாம்.

எஸ்எஸ்எல்லையும் முன்கூட்டியே வைத்துவிடலாம். இலவசச் சேவையான லெட்ஸ் என்கிரிப்ட் சாதாரண முறையில் டொமைன் புதிய சர்வரைக் காட்டினால்தான் சான்று தரும். இடைக்காலத்துக்குப் பழைய சி-பேனலில் இருந்து சான்றையும் அதன் சாவியையும் நகலெடுத்துப் புதியதில் போடுங்கள், அல்லது டிஎன்எஸ் டிஎக்ஸ்டி பதிவு வழியாகப் புதிதாக வாங்குங்கள். நகலெடுத்ததுக்குத் தானாகப் புதுப்பிப்பு கிடையாது. மாற்றிய மறுநாளே புதிய சர்வர் தன் பெயரில் ஒன்று வாங்கிவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் சான்று காலாவதியாகும் நாளில் எல்லா போனிலும் சிவப்பு எச்சரிக்கை, ஓணச் சமயத்தில் வந்தால் இன்னும் அழகு.

மாற்றும் இரவு. உங்கள் ஆர்டர் பட்டியலிலேயே பாருங்கள், எந்த நாள் எந்த மணியில் ஒன்றும் வருவதில்லை என்று. பெரும்பாலும் செவ்வாய் அல்லது புதன் இரவு ஒரு மணி. அன்று சாயங்காலத்துக்குப் பிறகு போடி, புற்றடி ஏல விலையைப் பார்த்துத் தளத்தில் விலை மாற்றும் ஆள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும்.

ஒரு மணிக்குப் பழைய தளத்தை ஹெச்டிஆக்சஸ் மூலம் 503 எண்ணோடு (தற்காலிகமாக இல்லை என்று அர்த்தம்) மூடுங்கள், உங்கள் ஐபிக்கு மட்டும் விலக்கு. எண் முக்கியம். 'பராமரிப்பு நடக்கிறது' என்று அழகாக ஒரு பக்கம் போட்டு எல்லாம் சரி என்று சொல்லும் 200 எண்ணைத் திருப்பினால், கூகுள் அதையே உங்கள் கடை என்று எடுத்துக்கொள்ளும். பேமெண்ட் கேட்வேயும், தான் அனுப்பிய 'பணம் வந்தது' செய்தியைத் தளம் வாங்கிக்கொண்டதாக நினைத்துவிடும். பணம் போயிருக்கும், ஆர்டர் 'பெண்டிங்' என்றே நிற்கும். 503 கிடைத்தால் அது கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பும், அதற்குள் புதிய சர்வர் தயார். வேர்ட்பிரஸின் சொந்தப் பராமரிப்பு ஃபைலும் 503 தான் தரும், ஆனால் அது பத்து நிமிடத்தில் தானாகச் செத்துவிடும். அதை நம்பாதீர்கள்.

மூடிய பிறகு டேட்டாபேஸை மறுபடி எடுத்துப் புதியதில் ஏற்றுங்கள், அப்லோட்ஸ் ஃபோல்டரை ஆர்சிங்க் ஒரு தடவை ஓட்டுங்கள். மாறியவை மட்டும் போவதால் சில நிமிடந்தான். இரு பக்கமும் கடைசி ஆர்டர் எண்ணும் மொத்த ஆர்டர் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா? டேட்டாபேஸ் புதிதாக வந்ததால் ரேஸர்பே உண்மைச் சாவிக்குத் திரும்பியிருக்கும், சரிபாருங்கள். மெயில் தடுப்பு பிளகினை எடுங்கள், கிரானைத் திறந்துவிடுங்கள். 'தேடுபொறிகள் வர வேண்டாம்' என்ற டிக் அமைப்புகளில் இல்லையே என்று பாருங்கள். இப்போது ஏ, ஏஏஏஏ இரண்டையும் மாற்றுங்கள். பழையது மூடியே இருக்கட்டும், பின்வாங்கினாலொழிய இனி திறக்காதீர்கள்.

கம்பத்தில் ஒரு போன், குமுளியில் ஒருவரிடம் இன்னொரு போன், வைஃபையை அணைத்துவிட்டு, ஜியோ ஒன்று ஏர்டெல் ஒன்று என்று பாருங்கள். ஒவ்வொரு நெட்வொர்க்கின் டிஎன்எஸ் கேஷும் தனி. டிடிஎல் 300 என்றால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் மாறியிருக்கும். 100 கிராம் ஏலக்காய்க்கு உண்மையான ஒரு ஆர்டர், உண்மையான பணத்தோடு போட்டு, மெயில், எஸ்எம்எஸ், ஸ்டாக் குறைந்தது வரை பார்த்துவிட்டு ரீஃபண்ட் செய்யுங்கள்.

பின்வாங்குவதென்றால் இந்தக் கட்டத்துக்குள்தான். வாடிக்கையாளரின் முதல் ஆர்டர் புதியதில் விழுந்த பிறகு ஏ பதிவைப் பழையதுக்குத் திருப்பினால் அந்த ஆர்டர் அங்கே இருக்காது. அதற்குமேல் என்ன கோளாறு வந்தாலும் புதியதிலேயே சரிசெய்யுங்கள்.

கூகுளுக்கு எதுவும் அறிவிக்க வேண்டியதில்லை. 'சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்' டொமைன் பெயர் மாறினால்தான். சர்ச் கன்சோலில் கிரால் புள்ளிவிவரத்தை மட்டும் ஒரு வாரம் பாருங்கள். புதிய சர்வரின் ஃபயர்வால் கூகுளின் தேடல் ரோபோவான கூகுள்பாட்டைத் தடுத்தால் அங்கேதான் தெரியும். எல்லாம் ஓடினால் டிடிஎல்லை 3,600-க்கு ஏற்றிவிடுங்கள்.

பழைய கணக்கை ஒரு மாதம் வைத்திருங்கள். மூடும் முன் அதன் ஆக்சஸ் லாக்கைப் பார்த்தால் பாட்கள் தவிர யாரும் வருவதில்லை என்று தெரிய வேண்டும். மெயில் இன்னும் அங்கேதான் இருக்கிறதென்றால், அதை மாற்றி, பழைய கடிதங்களை ஐமேப்சிங்க் கருவி மூலம் கொண்டுவந்து, எம்எக்ஸும் எஸ்பிஎஃப்பும் புதிய இடத்தைக் காட்டிய பிறகே ரத்து செய்யுங்கள். டொமைன் பதிவும் அதே கம்பெனியில்தானா, ஆட்டோ ரினியூவல் எந்தக் கார்டில் இருக்கிறது என்றும் பார்த்துவிட்டு.